குறுங்கதையும் தேர்தற்காலமும்

நூலுக்குரிய அழகுகள் பத்தினை வகுத்த பவணந்தியார், சுருக்கத்தை முதலிலும் விளக்கத்தை அதற்கு அடுத்தும் வைத்தார். கைப்பேசித் திரையில் ஒரே மூச்சில் படித்து முடிக்கத்தக்கதாய் இன்று பெருகிவரும் குறுங்கதை, அவ்வழகுக்கு உரிமை கொண்டாடுகின்றது. தேர்தல் முழக்கமும் சுருக்கமானதே. இவ்விரண்டு சுருக்கங்களும் ஒரு தன்மையவோ என்பது ஆராயத்தக்கது.

அதனை ஆராய வடசிலாங்கூர் ஏற்ற களமாகும். 2007 ஏப்ரல் 28இல் ஈஜோக் சட்டமன்றத் தொகுதியிலும், 2010 ஏப்ரல் 25இல் உலு சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியிலும், 2024 மே 11இல் கோல குபு பாரு சட்டமன்றத் தொகுதியிலும் இடைத்தேர்தல்கள் நடந்தன. மூன்றும் உறுப்பினர் மறைவால் நேர்ந்தவை. மூன்றிலும் தமிழர் வாக்கு எப்பக்கம் சாயும் என்பது பெரும்பேச்சாயிற்று. அப்பேச்சில் மனிதர் எண்ணிக்கையாயினர். அவர்தம் வாழ்வு விழுக்காடாயிற்று.

இக்காலத்துக் குறுங்கதைகள் பலவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. வேட்பாளர் வருகிறார், சாலை, கோயில், பள்ளி என்று வாக்களிக்கிறார், வென்றபின் மறக்கிறார், இறுதி வரியில் ஒரு கிழவரோ சிறுவனோ சுடுசொல் ஒன்றை வீசுகிறார். படிப்பவர் கைதட்டுகிறார். ஆனால், அவர் முன்பே அறிந்திருந்ததற்கு மேல் ஒன்றையும் அறிந்தாரல்லர். இது முழக்கத்தை மறுக்கும் மற்றொரு முழக்கமே. முழக்கம் வினாவை மூடுவதற்காகச் சுருங்குகிறது. கதை வினாவைத் திறப்பதற்காகச் சுருங்க வேண்டும்.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' இதற்குத் தக்க சான்று. சில பக்கங்களே உடைய அக்கதையில், அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி தரக் காசின்றித் தவிக்கும் ஒரு பெண்ணின் செயலே நிகழ்ச்சி. ஆசிரியர் யாரையும் மேடையேற்றி ஏசவில்லை. தலைப்பில் பொன்னையும் தெருவில் இருளையும் வைத்து, அறம் பேசுவோரை நோக்கி வினாவை விடுத்து நின்றுவிடுகிறார். விடை கூறும் பொறுப்பு படிப்பவருடையதாகிறது. குறுங்கதையின் வலிமை இதுவே.

ஈஜோக்கில் 2007இல் தேர்தல் நெருங்கச் சாலைகள் விரைந்து செப்பனிடப்பட்டன. ஆளுங்கட்சி 1,850 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றது. ஏறத்தாழப் பத்துத் திங்கள் கழித்து, 2008 மார்ச் 8இல், முன்பு தோற்ற காலிட் இப்ராகிம் அதே தொகுதியில் வென்று சிலாங்கூர் மந்திரி பெசாரானார். இடையில், 2007 நவம்பர் 25இல், கோலாலம்பூரில் இண்ட்ராப் பேரணி நிகழ்ந்ததென வரலாறு கூறும். ஆயின், ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த தந்தையும் மகனும் அப்பத்துத் திங்களில் என்ன பேசிக்கொண்டனர், எதனைப் பேசாது விட்டனர் என்பதை எந்த வாக்குக் கணக்கும் கூறாது. அதனைக் கூறுதல் கதையின் கடன்.

பொருளுக்கோ பஞ்சமில்லை. 2013ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில்தான் நம் நாட்டில் முதன்முறையாக வாக்காளர் விரலில் அழியா மை இடப்பட்டது. அந்த மை நாளடைவில் மறைந்தது. பால்மரம் வெட்டிக் காய்த்த விரல் அப்படியே இருந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே காணும் கண் வாய்க்குமாயின், இருபது வரிகள் போதும். வேட்பாளரின் பெயரும் வேண்டா; கட்சியின் கொடியும் வேண்டா.

இவ்வட்டாரத்திற்கு இலக்கியப் பெருமையும் உண்டு. இங்குத் தோட்டம் அமைத்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே, 1917இல் தென்னமரம் தோட்டத்தில் வணிக முறையிலான செம்பனைப் பயிரை நாட்டிலேயே முதலாவதாகத் தொடங்கியவர். மலாயாவைப் பற்றிய அவரது புதினம் 1930இல் கொன்கூர் பரிசு பெற்றது. துரையின் கண்வழியே தோட்டத்துத் தமிழரை உலகம் கண்டது. அத்தமிழரின் வழித்தோன்றல்கள் இன்று தம்மைத் தாமே எழுதுகின்றனர். எழுதுகோல் கைக்கு வந்தபின்னும், மேடைப்பேச்சாளன் தந்த சொற்களையே எழுதுவராயின், கண் மாறியதேயன்றிக் காட்சி மாறவில்லை எனலாம்.

தமிழாசிரியர்க்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பியோர் தாமாகவே வாக்காளர் பட்டியலில் இடம்பெறுகின்றனர். ஐந்தாம் படிவத்து மாணவர் ஓரிரு ஆண்டுகளில் வாக்குச்சாவடிக்குச் செல்வர். குறுங்கதையைக் கற்பிக்கும்போது, "இறுதித் திருப்பம் யாது?" என்று மட்டும் கேட்டு அமையாது, "இக்கதை எதனைச் சொல்லாமல் விட்டது? ஏன் விட்டது?" என்றும் கேட்டல் வேண்டும். அவ்வினாவுக்குப் பழகிய மாணவன், நாளை மேடையில் முழங்குவோரிடமும் அதனையே கேட்பான்.

குற்றமற்ற சில சொற்களைச் சொல்லத் தெரியாதவரே பல சொல்ல விரும்புவர் என்பது 'சொல்வன்மை' அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் உண்மை. அச்சில சொற்களைத் தேடுவதே குறுங்கதை எழுதுவோர் மேற்கொள்ள வேண்டிய பணி. தேர்தல் முடிந்து பதாகைகள் அகற்றப்பட்ட பின்னரும் படிக்கத்தக்க கதையே கதையாகும்.