பின்சீட்டைக் கேட்டீர்களா?

மதுரையில் ஒருவர் புது வண்டி எடுத்தால் முதல் கேள்வி மைலேஜ். அடுத்தது, ஆன்ரோடு எவ்வளவு ஆச்சு. டீக்கடை வாசலிலோ கல்யாண மண்டபத்துப் பார்க்கிங்கிலோ இந்த விசாரணை நடந்துவிடும். விளம்பரத்தைத் துளியும் நம்பாதவர்கள்கூட ‘வச்சிருக்கவரே சொல்றாரு’ என்றால் தலையாட்டுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் கூரை பின்னால் சரிந்து இறங்கும் கூபே பாணி எஸ்யூவி என்று வரும்போது, உரிமையாளரின் சொல் பாதி வண்டியைத்தான் காட்டுகிறது.

சிட்ரோன் பசால்ட்டை எடுத்துக்கொள்வோம். திருவள்ளூர் ஆலையில் தயாராகும் வண்டி. 2024 ஆகஸ்டில் 7.99 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் அறிமுகமானது. டாடா கர்வும் ஏறத்தாழ அதே நேரத்தில்தான் வந்தது. 2008-ல் பிஎம்டபிள்யூ எக்ஸ்6 பெரிய பணக்காரர்களுக்கென்று கொண்டுவந்த உருவம், பதினாறு ஆண்டில் வில்லாபுரத்துச் சம்பளக்காரர் தவணையில் வாங்கும் விலைக்கு இறங்கிவிட்டது.

உரிமையாளர் எதில் நம்பத்தக்கவர்? தன் உடம்பு சொல்வதில். மேலூர்ப் பக்கம் கால்வாய்க் கரையை ஒட்டிய சாலைகளில் வெள்ளைக்கோடுகூட இல்லாத வேகத்தடைகள் திடீரென்று முளைக்கும். அதில் ஐந்து பேரோடு ஏறி இறங்கியவர் ‘இடுப்பு வலிக்கல’ என்றால் அது எந்த நிபுணர் அறிக்கைக்கும் குறைந்ததல்ல. பசால்ட்டைப் பற்றி அப்படித்தான் சொல்கிறார்கள், அது சரியும்கூட. உழுத வயலில் ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டை உடையக்கூடாது என்ற நிபந்தனையோடு 2சிவி என்ற காரை உருவாக்கி 1948-ல் காட்சிக்கு வைத்த கம்பெனி இது. மெத்தென்ற சஸ்பென்ஷன் அவர்களுக்குப் பரம்பரைச் சொத்து. சித்திரை வெயிலில் ஏசி எப்படி என்பதையும் வைத்திருப்பவரிடம்தான் கேட்க வேண்டும். 470 லிட்டர் டிக்கியில் குலதெய்வம் கோயிலுக்குப் போகும் சாமான்கள் அடங்குமா என்பதையும்தான். பைகள் தாராளமாக அடங்கும். பொங்கல் பானையும் போகும். கூரை சரிவதால் உயரமான அண்டாவை நிமிர்த்தி வைத்துக் கதவை மூட முடியாது.

சிக்கல் எங்கே என்றால், உரிமையாளர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறார். கூரையின் சரிவு அவர் தலைக்குப் பின்னால்தான் தொடங்குகிறது.

மண்டப வாசலில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பட்டுப்புடவையும் கையில் தாம்பூலப் பையுமாக அப்பத்தா பின்கதவுக்கு வருவார். முதலில் ஒரு கால், பிறகு உடம்பு, கடைசியில் தலை. அந்தத் தலை கதவு விளிம்பில் தட்டும். ‘குனிஞ்சு ஏறு அப்பத்தா’ என்று பேரன் முன்சீட்டிலிருந்தே குரல் கொடுப்பான். உட்கார்ந்த பிறகு பசால்ட்டில் தலை இடிப்பதில்லை. நடுத்தர உயரக்காரருக்கு இடம் போதும். தொடைத் தாங்கலை உயர்த்திக்கொள்ளும் வசதியை மேல்நிலை வகைகளில் பின்சீட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள், நல்ல யோசனை. ஆனால் ஏறி இறங்கும் அந்த ஒரு கணத்துக்கு மருந்து இல்லை. படுத்தவாக்கிலுள்ள பின்கண்ணாடி வழியாக மதிய வெயில் பிடரியில் விழும். அந்தக் கண்ணாடிக்கு வைப்பரும் கிடையாது. கண்மாய்க்கரைப் புழுதி படிந்த மேல் ஐப்பசி மழை பெய்தால், பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று கேமராவைத்தான் கேட்க வேண்டும். பின்னால் சரியாகத் தெரியவில்லை என்று உரிமையாளர்கள் சொல்கிறார்கள், அது ஓட்டுபவரின் தொல்லை. பிடரி வெயிலைச் சொல்வது அபூர்வம்.

பணம் என்று வந்தால் உரிமையாளர் பேச்சை இன்னும் சலித்தெடுக்க வேண்டும். 7.99 லட்சம் என்பது 82 குதிரைத்திறன் எஞ்சின் பொருத்திய அடிப்படை வகையின் அறிமுக விலை. நண்பர் புகழ்வது 110 குதிரைத்திறன் டர்போவை. இரண்டையும் ஒரே வண்டியாகப் பேசுவது பெரிய குழப்பம். சமவெளியில் முதலாவது சமாளிக்கும், வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது வித்தியாசம் தெரியும். மைலேஜும் அப்படியே. திருமங்கலம் நான்குவழிச் சாலையில் ஓட்டுபவர் சொல்லும் எண்ணும் சிம்மக்கல் நெரிசலில் ஊர்பவர் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருக்கவே முடியாது. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டவரா, திரையில் வந்ததைப் படித்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு, ஏழு வருடத் தவணை கட்டத் தொடங்கியவர் முதல் மாதத்தில் தன் முடிவைக் குறை சொல்லமாட்டார். மனித இயல்பு, விடுங்கள்.

இன்னொரு கணக்கு: 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பசால்ட் 4.35 மீட்டர், ஆகவே 40. மாருதி ஃபிராங்க்ஸ் அதே சரிந்த பாணியில் 3.995 மீட்டரில் நின்றுகொண்டது. ஆனால் அதன் டிக்கி 308 லிட்டர்தான். கூடுதல் நீளத்துக்குக் கொடுக்கும் வரி காலுக்கும் பெட்டிக்கும் இடமாகத் திரும்பக் கிடைக்கிறது. பாரத் என்கேப் மோதல் சோதனையில் பசால்ட்டுக்கு நான்கு நட்சத்திரம், கர்வுக்கு ஐந்து. மாருதிக்கும் டாடாவுக்கும் இருக்கும் அளவு சர்வீஸ் மையங்கள் சிட்ரோனுக்கு இல்லை என்பதுதான் என் கணக்கில் கூரையைவிடப் பெரிய குறை. புது வண்டிக்காரரால் அதைச் சொல்ல முடியாது; இரண்டு வருடம் ஓட்டி, ஒரு பம்பருக்காவது காத்திருந்தவரைத் தேடிப் பிடியுங்கள்.

என் தீர்ப்பு: பசால்ட் நல்ல குடும்ப வண்டி, அந்தச் சரிவு இல்லாமலிருந்தால் இன்னும் நல்ல வண்டி. வாங்க நினைப்பவர்கள் டெஸ்ட் டிரைவுக்கு மதியம் ஒரு மணிக்குப் போங்கள். வீட்டிலுள்ள மூத்தவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து ரிங் ரோடு வரை ஓட்டிவிட்டு வாருங்கள். முன்பணம் கட்டுவதற்குமுன் அவரிடம் கேளுங்கள்.