அயல்மொழித் தேர்வும் அண்டை மொழிகளும்: அந்தமான் தரும் சான்று

பல்கலைக்கழகங்களில் அயல்மொழி பயிலும் மாணவர் தொகை குறைந்து வருகின்றது என்பர். மொழியார்வம் குன்றியதே அதற்குக் காரணம் என்றும் கூறுவர். முதற்கூற்று ஓரளவு உண்மை. இரண்டாவது ஆய்வுக்குரியது.

அமெரிக்காவின் நவீன மொழிக் கழகக் கணக்கின்படி, 2016க்கும் 2021க்கும் இடையில் அந்நாட்டு உயர்கல்வி நிறுவனங்களில் ஆங்கிலமல்லாத மொழிகளுக்கான சேர்க்கை 16.6 விழுக்காடு வீழ்ந்தது. பிரெஞ்சும் செருமனும் பெருஞ்சரிவு கண்டன. அதே காலத்தில் கொரிய மொழிச் சேர்க்கையோ 38.3 விழுக்காடு உயர்ந்தது. ஆகவே மொத்தத் தொகையை மட்டும் கொண்டு ஆர்வத்தை அளப்பது பொருந்தாது. இதன் மறுதலையும் உண்மையே. தமிழகக் கல்லூரிகளில் பகுதி ஒன்றில் தமிழுக்கு மாற்றாகப் பிரெஞ்சைத் தேர்வோர் உளர். மதிப்பெண் எளிதிற் கிட்டும் என்னும் எண்ணம் அத்தேர்வைத் தூண்டுவதை ஆசிரியர்கள் அறிவர். அங்குச் சேர்க்கை உயர்வதும் மொழியார்வத்திற்குச் சான்றாகாது.

இவ்வகையில் அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் தனியே நோக்கத்தக்கன. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் முதன்மைக் கடைவீதி அபர்டீன் பஜார். ஸ்காட்லாந்து நகரொன்றின் பெயரைத் தாங்கிய இவ்வீதியில் வங்காளம், தமிழ், தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றைத் தாய்மொழியாக உடையோர் இந்தியைப் பொதுமொழியாகக் கொண்டு வாணிகம் செய்கின்றனர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தீவுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் தமிழர். இங்குப் பன்மொழித் திறன் வகுப்பறையில் தோன்றியதன்று, தேவையால் விளைந்தது.

1967இல் இந்நகரில் அரசுக் கல்லூரி தோன்றியது. 1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் தீவுகளும் அடங்கின. எனினும் சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலுள்ள இந்நகருக்கு நிலப்பரப்பின் 'அயல்மொழி' என்னும் கருத்து முழுதும் பொருந்துவதில்லை. கிரேட் நிக்கோபாரின் தென்முனையிலிருந்து சுமத்திரா 200 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் உள்ளது. வடக்கே அண்டை நாடு மியன்மார். அங்கிருந்து 1925இல் மாயாபந்தர்ப் பகுதியில் குடியேறிய கரேன் மக்களின் மொழி, தீவுகளில் வீட்டு மொழியாகவே விளங்குகின்றது. அயல்மொழி எது என்பதை நாட்டெல்லை மட்டும் வரையறுப்பதில்லை என்பதற்கு இது சான்று.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இடைநிலைப் பள்ளிகளில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளுக்கு எடுத்துக்காட்டாகக் கொரியம், சப்பானியம், தாய், பிரெஞ்சு, செருமன், ஸ்பானியம், போர்ச்சுகீசியம், ருசியம் ஆகியவற்றைச் சுட்டுகின்றது. தாய்மொழி பேசும் தாய்லாந்து இடம்பெற்ற அப்பட்டியலில் பர்மியமும் இந்தோனேசியமும் இல்லை.

வேலைவாய்ப்பற்ற மொழியை மாணவர் நாடார் என்னும் தடை இங்கு எழலாம். ஆனால் அந்தமான் கடற்பரப்பில் மியன்மார் மீனவர் பிடிபடும் ஒவ்வொரு வழக்கிலும் விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை. பிடிபட்டவர் கூறுவது பிழையாகப் பெயர்க்கப்படின் அவரது விடுதலையே பாதிக்கப்படும். தேவை இருக்கின்றது; அதனைப் பணியிடமாகவும் பாடமாகவும் மாற்றும் முயற்சியே வேண்டுவது.

எனவே மாணவர் எம்மொழியைத் தேர்ந்தனர் என்று கணக்கிடுவதோடு, எம்மொழிகள் அவர்முன் வைக்கப்பட்டன என்பதையும் மொழியியலார் ஆராய்தல் வேண்டும். வழங்கப்படாத பாடத்தை மாணவர் புறக்கணித்தனர் எனல் முறையன்று.