கடலுக்கு வழி எது சார்?

1985 வரை விருதுநகருக்கும் சிவகாசிக்கும் சொந்தமாக ஒரு கடல் இருந்தது. நிஜமாகத்தான். பிரிக்கப்படாத ராமநாதபுரம் மாவட்டத்தில் ராமேஸ்வரம் அலையும் சிவகாசி வெடியும் ஒரே கலெக்டருக்குக் கீழே இருந்தன. அந்த வருஷம் பாகப்பிரிவினை ஆயிற்று. பட்டாசும் பருப்பும் மிளகாய் வற்றலும் எங்கள் பங்கு. கடல் அந்தப் பக்கம் போச்சு.

அன்றிலிருந்து எங்களுக்குக் கடற்கரை என்பது வேன் பிடித்து, புளியோதரை கட்டிக்கொண்டு திருச்செந்தூர் போகிற சமாச்சாரம். கோயில் இருக்கிற இடத்தில் கடலுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. கோயில் இல்லாத இடத்தில்? சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மாலை போய்ப் பாருங்கள். காம்பவுண்டுச் சுவர், கேட், வாட்ச்மேன், மறுபடி சுவர். அலைச் சத்தம் காதில் விழும், அலை கண்ணில் படாது.

இந்த வாரம் சினிமாவும் இல்லை, நாவலும் இல்லை. அரசாங்கம் எழுதிய ஒரே ஒரு வாக்கியத்தை விமர்சனம் செய்யப் போகிறேன்.

1991 பிப்ரவரியில் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. கடற்கரை ஓட்டல்களுக்கான விதிகளில் பொதுமக்களுக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். ஜனங்கள் கடலுக்குப் போக, இரண்டு ஓட்டல்களுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட வேண்டும். வேலி போட்டாலும் போகிறவர்களைத் தடுக்கக் கூடாது. நல்ல மனசு. கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: ஓர் இடைவெளிக்கும் அடுத்த இடைவெளிக்கும் நடுவே 500 மீட்டருக்குக் குறையக் கூடாது.

மறுபடி படியுங்கள். குறையக் கூடாது!

எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலையில் எந்த ஃபோர்மேனிடம் காட்டினாலும் சிரித்துவிடுவார். ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இடையே தூரம் குறையக் கூடாது என்பது அவருக்கு உயிர்ப் பிரச்னை. ஒன்று வெடித்தால் அடுத்ததும் வெடிக்கும். ஆனால் வழிகளை எதற்காக விலக்கி வைக்க வேண்டும்? நடக்கிறவனுக்கு வேண்டியது, 500 மீட்டருக்குள் ஒரு வழியாவது இருந்தாக வேண்டும் என்ற உத்தரவு. எழுதியதோ நேர்மாறு. கடலில் கால் நனைக்கப் போகிற குடும்பத்தை வெடிமருந்தாக நினைத்துவிட்டார்கள் போல. தவறு நேர்வது சகஜம். 2011ல் புதிய அறிவிக்கை வந்தபோதும் அதே வாக்கியம் அப்படியே வந்து உட்கார்ந்தது.

இன்னொரு குறை. அந்த இடைவெளி எந்த சர்வே எண்ணில், எந்தப் புலப்படத்தில், எந்தப் பலகையில் இருக்க வேண்டும் என்று அந்த வாக்கியம் பேசவில்லை. காகிதத்தில் 20 மீட்டர், களத்தில் வாட்ச்மேன் மனசு வைத்தால்தான் உண்டு. 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் நிலம் வைத்திருப்பவருக்குத் தெளிவாக வழி சொல்கிறது: 20 வருஷம் தடங்கலில்லாமல், பகிரங்கமாக, உரிமையோடு பக்கத்து நிலத்தில் நடந்தால் வழி உனக்கு. நிலமே இல்லாத, சும்மா நடக்கிற ஊர் ஜனத்துக்கு? காலகாலமான வழக்கம் என்று நிரூபித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை உண்டு. கலிஃபோர்னியாவில் மார்ட்டின்ஸ் பீச்சை ஒட்டிய நிலத்தை 2008ல் வாங்கியவர் வினோத் கோஸ்லா, நம் நாட்டில் பிறந்த கோடீஸ்வரர். பிறகு கடலுக்குப் போகிற பாதையின் கேட் மூடப்பட்டது. அலைச்சறுக்கு ஆட்கள் வழக்குப் போட்டார்கள். அந்த கேட்டை மூடுவதற்கே கடலோர ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்றது நீதிமன்றம். கோஸ்லா தரப்பு மேல்முறையீட்டை 2018ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை. கவனியுங்கள், அங்கே அனுமதி கேட்க வேண்டியவர் மூடுகிறவர். இங்கே கேட்க வேண்டியவர் நடக்கிறவர்.

எல்லாப் பூட்டும் ஒன்றல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் மாவட்டத்தில் வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறுகிற பாதை இருக்கிறது. 2015 மே மாதம் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் இறந்தார்கள். அதன் பிறகு பல வருஷம் மாதத்தில் சில நாட்கள்தான் அனுமதி. 2021ல் அந்தக் காடு புலிகள் காப்பகமும் ஆனது. கோபப்பட்டவர்கள் உண்டு, நானும் முணுமுணுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பூட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தைக் கேட்கலாம், வாதாடலாம், கோர்ட்டுக்குப் போகலாம். கடற்கரைச் சுவருக்குக் காரணம் கேட்டால், ‘உள்ளே ஓனர் இருக்கார் சார்’ என்பதுதான் பதில்.

பங்களாக்காரர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. பாட்டிலை உடைத்துப் போடுகிறவனை யார் வாசலில் விடுவார்? அதற்குக் குப்பைத்தொட்டி வையுங்கள், போலீஸை நிறுத்துங்கள். பாதையையே சுருட்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

உங்கள் ஊரில் கடல் இல்லையென்றால் கண்மாய் இருக்கும், ஓடை இருக்கும். அதற்குப் போகிற பாதையில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய்விட்டு வாருங்கள். முள்வேலி முளைத்திருந்தால் தாலுகா ஆபீஸில் புலப்படம் கேளுங்கள். நாம் நடக்காமல் விட்ட பாதையில்தான் முதல் கல் நடுகிறார்கள்.