திரைக்கதை: வடிவம் பற்றிய சில அவதானங்கள்

அண்மைக் காலமாக நமது பிரதேசங்களில் குறும்படம் எடுக்கும் ஆர்வம் பெருகி வருகின்றது. கைத்தொலைபேசியே கெமராவாகிவிட்ட காலமிது. வரவேற்க வேண்டிய விடயம்தான். ஆயினும், கிராமப் பாடசாலையில் தமிழ் கற்பிப்பவன் என்ற வகையில் எனது பார்வைக்கு வந்த பிரதிகளுட் பெரும்பாலானவை திரைக்கதைகளல்ல. 'காட்சி 1', 'காட்சி 2' என இலக்கமிடப்பட்ட சிறுகதைகளே.

'வாப்பாவின் மறைவை எண்ணி அவள் மனம் வெதும்பினாள்' என்றொரு வரி. சிறுகதையில் இது நிற்கும். திரையில் நடிகை என்ன செய்வாள்? என் மாணவியொருத்தி இதை மாற்றி எழுதினாள்: 'தேநீருக்கு மூன்று கோப்பைகளை எடுத்து வைக்கிறாள். சற்று நின்று, ஒன்றைத் திரும்பவும் அலுமாரிக்குள் வைக்கிறாள்.' துயரம் என்ற சொல்லே இல்லை. துயரம் இருக்கிறது.

திரைக்கதை வடிவம் நம்மிடம் கேட்பது இதைத்தான். ஹொலிவூட் முறையில் ஒவ்வொரு காட்சியின் தலைப்பிலும் உள்ளகமா வெளியகமா, எந்த இடம், பகலா இரவா என்பன இருக்கும். அதன்கீழ் கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டும், நிகழ்காலத்தில். பேசுபவரின் பெயர் தனிவரியில்; வசனம் அதன்கீழ் ஒடுங்கிய பத்தியாக. இது அலங்காரமல்ல. எத்தனை இடங்கள், எத்தனை இரவுகள் என்று படப்பிடிப்புக்குக் கணக்கெடுப்பது இத்தலைப்புகளைக் கொண்டுதான்.

எனினும் எல்லாவற்றையும் அப்படியே இரவல் பெற முடியாது. ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்ற கணக்கு, கூரியர் எழுத்தில் 12 புள்ளி அளவில் ஆங்கிலத்தில் தட்டச்சிடுவதற்கு உரியது. அங்கே எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். தமிழில் 'ர'வும் 'ணை'யும் ஒரே அகலமா? கடிகாரத்தை வைத்துக்கொண்டு, செயல்களை மனத்தில் ஓட்டி, வசனங்களை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பதே நமக்குள்ள வழி.

சத்யஜித் ரே 'பதேர் பாஞ்சாலி'க்கு (1955) முழுமையான திரைக்கதை எழுதவில்லையே என்பர் சிலர். மெய்தான். ஆனால் அவரிடம் தானே வரைந்த காட்சிச் சித்திரங்களும் குறிப்புகளும் இருந்தன. நமது நாட்டில், மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவலுக்குத் திரைக்கதை எழுதியவர் இலக்கிய விமர்சகரான ரெஜி சிறிவர்தன. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் அப்படம் 1965இல் புதுடில்லி விழாவில் தங்க மயில் விருது பெற்றது. ஆக, இது இலக்கியக்காரன் ஒதுங்கி நிற்க வேண்டிய துறையல்ல.

இன்னொன்று. காட்சி விபரணை எழுத்துத் தமிழில் இருக்கட்டும். வசனம் ஊர்ப் பேச்சில் இருக்க வேண்டும். பல பிரதிகளில் நமது உம்மாமார் தென்னிந்தியத் தொலைக்காட்சித் தொடர்களின் தமிழ் பேசுகிறார்கள். வடிவப் பிழையை ஒரு வாரத்தில் திருத்தலாம். திரையிலும் நமது பேச்சு ஒலிக்காவிட்டால், நம் பிள்ளைகள் அதை வேறெங்கு கேட்பார்கள்? இளம் படைப்பாளிகள் சிந்திக்க வேண்டும்.