பேசப்பட்டோரும் பேசினோரும்

தமிழகத்தில் செய்தித் தொடர்புச் சாதனங்கள் அரசியலை எவ்வாறு உருவாக்கின என்று ஆராய்வோர் பொதுவாக மேடையில் தொடங்கித் திரைப்படத்தில் முடிப்பர். காஞ்சிபுரத்து அண்ணாதுரையின் சொற்பொழிவுகளும் நாடகங்களும், 1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’யும், பின்வந்த எம்.ஜி.ஆர். படங்களும் இவ்வாய்வுகளில் தவறாது இடம்பெறும். இவ்வரலாறு உண்மையே. ஆயினும் இதில் மக்கள் பெரும்பாலும் கேட்போராகவும் காண்போராகவுமே வருகின்றனர். ஒரு சாதனம் மக்களை என்ன செய்தது என்று கேட்கிற ஆய்வு, அது யார் கையில் இருந்தது என்று கேட்க மறந்துவிடுகிறது. இந்த இரண்டாம் கேள்விக்கு விடை தேட, அதே பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அண்ணாவுக்கு அரை நூற்றாண்டு முந்திய காலத்துக்குச் செல்லவேண்டியுள்ளது. அக்காலத்து நிகழ்ச்சிகளில் திருச்சபைக்கும் பங்குண்டு. ஆகவே அவற்றைப் பிறரைப் பற்றிய செய்திபோல் நாம் படித்துவிட இயலாது.

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அண்மையில் மெல்ரோசாபுரம் என்னும் ஊர் உள்ளது. தமிழ்ச் செவிக்குச் சற்றே புதிதாக ஒலிக்கும் இப்பெயர் ஸ்காட்லாந்து நாட்டு மெல்ரோஸ் நகரை நினைவூட்டுவது. செங்கற்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனின் அருட்பணியாளராக இருந்த ஆதாம் ஆண்ட்ரூவின் முயற்சியால், நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்களுக்கென எழுந்த குடியிருப்பு அது. அந்நாளில் தரிசு நிலத்தின்மேல் மிராசுதாரருக்கு இருந்த முன்னுரிமையால், பறையர் மக்கள் மனுச் செய்தும் நிலம் பெற இயலாதிருந்தனர். குடியிருந்த மனையும் பிறர் தயவில் நின்றது. ஆண்ட்ரூவும், திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் இக்கொடுமையை அரசினர் முன்பும் பொதுமக்கள் முன்பும் எடுத்துரைத்தனர். பொறுப்பு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891-இல் இம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் வருவாய்த்துறை ஆணை பிறந்தது. இன்று ‘பஞ்சமி நிலம்’ என்று நாம் வழங்குவதன் தொடக்கம் இதுவே.

இது சிறிய சாதனையன்று. ஆயினும் இச்செய்தித் தொடர்பின் அமைப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். எழுதியவர் அருட்பணியாளர், படித்தவர் ஆட்சியரும் ஆங்கில நாட்டு நன்கொடையாளரும். சேரியில் வாழ்ந்தவர் இக்கடிதப் போக்குவரத்தின் பொருளாக இருந்தாரேயன்றி, அனுப்புநராகவோ பெறுநராகவோ இல்லை. அக்காலப் பொதுவாழ்வில் இவ்விவாதத்திற்கு வழங்கிய பெயரே ‘பறையர் பிரச்சினை’ என்பது. ரூபா விஸ்வநாத் 2014-இல் வெளியிட்ட தம் ஆங்கில ஆய்வு நூலுக்கு அத்தொடரையே தலைப்பாக்கியது பொருத்தமானது. ஒரு மக்கள் கூட்டம் பிரச்சினையாகப் பெயரிடப்பட்டால், தீர்ப்பவர் எப்போதும் வேறொருவராகிவிடுகிறார்.

1893 அக்டோபரில் ‘பறையன்’ என்னும் இதழ் சென்னையில் தோன்றியது. அதைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் இதே செங்கற்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்தவர். நான்கு பக்க இதழின் பிரதிகள் 400 இரண்டே நாளில் சென்னையில் விற்றன என்று, 1939-இல் வெளியான தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவர் குறிப்பிடுகிறார். முதல் முயற்சி இதுவன்று. ‘சூரியோதயம்’ 1869-இலேயே தோன்றிற்று என்று தலித் இதழ்களின் வரலாற்றை எழுதிய ஜெ. பாலசுப்பிரமணியம் காட்டுகிறார். ஆயினும் இத்தலைப்பில் ஒரு புதுமை இருந்தது. இழிசொல்லாக வழங்கிய பெயரை ஒருவர் தாமே எடுத்து முகப்பில் அச்சிட்டுக்கொண்டார். பிரச்சினையாகப் பேசப்பட்டவர் பத்திராதிபர் ஆனார்.

விளைவும் உடனே தெரிந்தது. இந்தியக் குடியுரிமைப் பணித் தேர்வை இங்கிலாந்தைப் போலவே இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கோரியபோது, அதனால் ஆட்சி மேல்சாதியார் கையிலேயே குவியும் என்று சீனிவாசன் எதிர்த்தார். 1893 டிசம்பர் 23-இல் வெஸ்லியன் மிஷன் கூடத்தில் கூட்டம் நடந்தது. 3412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமுள்ள மனு இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்குச் சென்றது. இதனை ஆங்கிலேயருக்கு அனுகூலமான செயல் என்று பழிப்பவர் உண்டு. அப்பழிப்பை நான் முற்றும் ஏற்கவில்லை. மனுவின் கருத்து சரியோ தவறோ, வாக்குரிமையற்ற மக்கள் தம் பெயரைத் தாமே எழுதி ஆட்சியின் முன் வைத்தது அரசியலில் பங்கேற்பதன்றி வேறென்ன? மிஷன் இங்கே குரல் தரவில்லை, கூடம் தந்தது. ஆண்ட்ரூவின் கடிதங்களினும் அக்கூடத்தின் கதவு திறந்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

எண்ணாகமம் இவ்வேறுபாட்டை வியக்கத்தக்க முறையில் காட்டுகிறது. 27-ஆம் அதிகாரத்தில் செலோப்பியாத்தின் குமாரத்திகள் ஐவரும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் நின்று தங்கள் காணியாட்சியைத் தாங்களே கேட்கின்றனர். அவர்கள் கேட்டது நியாயம் என்ற தீர்ப்பும் கிடைக்கிறது. 36-ஆம் அதிகாரத்திலோ குலத்தலைவர்கள் வந்து அவர்களைப் பற்றிப் பேசுகின்றனர். திருமண உரிமை குறுக்கப்படுகிறது. அங்கே அப்பெண்கள் ஒரு சொல்லும் பேசுவதாக எழுதப்படவில்லை. முந்திய அதிகாரத்தில் பிரசங்கம் செய்கிற நாம் பிந்தியதை ஏனோ விட்டுவிடுகிறோம்.

1892-இன் ஆணைக்கு நேர்ந்ததும் இவ்வகையில் சிந்திக்கத்தக்கது. ஒடுக்கப்பட்டோர்க்கு ஒப்படைத்த நிலம் பிறருக்குக் கைமாறலாகாது என்ற நிபந்தனை இருந்தும், பல ஊர்களில் அது கைமாறிற்று. கடனும் அச்சுறுத்தலும் காரணம் என்பர். ஆவணமும் ஒரு காரணம். கிராமக் கணக்கு 1980-இல் அப்பதவி ஒழியும்வரை கர்ணத்தின் கையில் இருந்தது. நிலம் பெற்றவரால் அதைப் படிக்க இயலவில்லை. இதில் ஒரு கொடிய முரண் உண்டு. அரசாணைகளை ஊருக்குத் தண்டோரா போட்டு அறிவித்தவர் பெரும்பாலும் சேரியைச் சேர்ந்தவரே. சாதனம் அவர் தோளில் தொங்கியது, செய்தி அவருடையதன்று. தமிழக அரசு 2022 ஆகஸ்டில்தான் தண்டோரா முறைக்குத் தடை விதித்தது. இதற்கிடையில், காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-இல் செங்கற்பட்டில் காவல்துறை சுட்டதால் இருவர் மாண்டனர். கடிதத்தால் பெற்ற நிலத்துக்கு மூன்று தலைமுறை கழித்து உயிர் கொடுக்க நேர்ந்தது.

இன்று சிங்கப்பெருமாள் கோயில் சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலைக்குச் செல்லும் இளைஞர் ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி உண்டு. ஆகவே குரலற்றோர் இனி இல்லை என்று சிலர் மகிழ்கின்றனர். இம்மகிழ்ச்சி அவசரமானது. பெற்ற செய்தியைப் பிறருக்கு அனுப்புதல் வேறு, தன் வழக்கை எழுதுதல் வேறு. கிராம சபைக் கூட்டத்தின் பொருள்நிரல் குடியிருப்புக்கு முன்கூட்டியே வருகிறதா, அங்கு பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்பவை எந்தக் கருவியும் தானாகத் தீர்த்துவைக்காத கேள்விகள். நம் திருச்சபை இதழ்களையும் இவ்வளவுகோலால் அளக்கலாம். முதற்பக்கம் ஆயர் மடல். கிராமச் சபையார் வருவது பெரும்பாலும் நிழற்படத்தில், பொன்னாடை போர்த்துவோராக.

ஆய்வேடு எழுதும் மாணவருக்கு ஒரு சொல். மிஷன் அறிக்கைகள் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக உள்ளன. ஆகவே செங்கற்பட்டு வரலாற்றை அவற்றைக்கொண்டே எழுதிவிடுகிறோம். ‘பறையன்’ இதழோ, சீனிவாசன் 1900-இல் நாட்டை விட்டுச் சென்றபின் நின்றுபோயிற்று. அதன் பிரதிகள் கிடைப்பது அரிது. உள்நாட்டுப் பத்திரிகைகளைக் கண்காணித்த அரசு தன் தேவைக்கு ஆங்கிலத்தில் பெயர்த்துவைத்த துணுக்குகளே பெரிதும் எஞ்சியுள்ளன. பழைய மிஷன் பங்களாக்களிலும் ஆயரகங்களிலும் திறக்கப்படாத பெட்டிகள் இன்னும் சில உண்டு. அடுத்த கோடை விடுமுறையில் அவற்றைத் திறந்து பார்க்கலாம்.