கெய்ஷா குறித்த மேலைநோக்கும் மாதவியை வாசிக்கும் முறையும்

ஈப்போவில் பிறந்த மிஷேல் இயோ, 2005ஆம் ஆண்டில் ரொப் மார்ஷல் இயக்கிய ‘மெமோர்ஸ் ஆஃப் எ கெய்ஷா’ திரைப்படத்தில் மமேஹா என்னும் கெய்ஷாவாக நடித்தார். பேராக் மக்களுள் பலர் கெய்ஷாவை அறிந்தது இத்தகைய படைப்புகளின் வழியேயாம். அவ்வறிமுகம் எத்தகையது என்பதையும், அது தமிழிலக்கியம் கற்பிப்போருக்கு உணர்த்துவது யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

‘கெய்’ என்பது கலை. ‘ஷா’ என்பது ஆள். எனவே கெய்ஷா என்பதன் நேர்ப்பொருள் கலைஞர் என்பதே. தொடக்கத்தில் ஆடவரே இத்தொழில் புரிந்தனர். 18ஆம் நூற்றாண்டில்தான் பெண்கள் இதனுள் புகுந்தனர். ஆடல், பாடல், ஷமிசென் நரம்பிசை, தேநீர்ச் சடங்கு ஆகியவற்றில் நெடும்பயிற்சி பெற்றவர் இவர். உரிமம் பெற்ற பரத்தையர் வேறு வகுப்பினர்.

மேலைநாட்டார் இவ்வேறுபாட்டைக் கருதவில்லை. பியேர் லொட்டி 1887இல் எழுதிய ‘மதாம் கிரிசாந்தேம்’ புதினம் முதல் 1904இல் அரங்கேறிய புச்சினியின் ‘மடாமா பட்டர்ஃபிளை’ இசைநாடகம் வரை, ஜப்பானியப் பெண் தற்காலிக மனைவியாகவும் துயருறும் பேதையாகவுமே காட்டப்பட்டாள். இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜப்பானில் தங்கிய அமெரிக்கப் படையினர், தாம் கண்ட பரத்தையரையும் ‘கெய்ஷா பெண்கள்’ என்றே அழைத்தனர்.

ஆர்தர் கோல்டன் 1997இல் வெளியிட்ட புதினமே மேற்கூறிய திரைப்படத்திற்கு மூலம். அமெரிக்க ஆடவர் ஒருவர், கெய்ஷா ஒருத்தி தானே கூறுவதுபோல் தன்மையிடத்தில் எழுதி, கற்பனை மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் முன்னுரையையும் சேர்த்தார். புனைவு ஆவணத் தோற்றம் பெற்றது இவ்வாறே. கோல்டனுக்குச் செய்திகள் அளித்த கியோத்தோ கலைஞர் மினெக்கோ இவாசாக்கி 2001இல் வழக்குத் தொடுத்தார். 2002இல் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். வழக்கு 2003இல் சமரசத்தில் முடிந்தது. கன்னிமை ஏலம் விடப்படுவதாகப் புதினம் காட்டுவதை அவர் வன்மையாக மறுத்தார்.

எனினும், மேலைநோக்கை மறுக்கப்புகுந்து எல்லாவற்றையும் தூய்மைப்படுத்திவிடுதலும் பிழையே. வறுமையால் சிறுமியர் ஒப்படைக்கப்பட்டதும், கடன் அவரைப் பிணித்ததும், செல்வர் புரவலராய் அமைந்ததும் அவ்வரலாற்றின் கூறுகளே. மேலும், கியூஷு தீவின் ஏழைக் குடும்பங்களிலிருந்து மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்ட ‘கராயுக்கி’ பெண்கள் பரத்தைமையில் தள்ளப்பட்டனர். அவர்கள் கெய்ஷாக்கள் அல்லர். இரு சாராரையும் ஒன்றெனக் கருதினால், முன்னவரின் கலையும் பின்னவரின் துயரும் ஒருங்கே மறைந்துவிடும்.

இவ்விடத்தில் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை நினையத்தக்கது. ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்ற மாதவி, சோழ மன்னன்முன் ஆடித் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையும் பெறுகிறாள். அக்காதையின் இறுதியிலேயே, அம்மாலையை வாங்குவோன் அவளுக்குக் கணவனாவான் எனக் கூனி நகர நம்பியர் திரியும் மறுகில் நிற்கிறாள், கோவலன் வாங்குகிறான். ஆசான்கள், அரங்கு, யாழ், குழல் ஆகியவற்றின் இலக்கணத்தை விரித்துரைத்த இளங்கோவடிகள், விலையையும் மறைத்தாரில்லை. கலையும் விலையும் ஒரே காதையில் நிற்கின்றன.

இதனைப் பரத்தையின் கதையாக மட்டும் கற்பிப்பவர், கெய்ஷாவை நோக்கிய மேலைநாட்டாரின் கண்ணையே தாமும் அணிந்துகொள்கிறார். கலைச்சிறப்பை மட்டும் கூறி மாலை விற்ற செய்தியை விட்டுவிடுபவரோ, மாதவி பின்னர் துறவு பூண்டதற்கும் மணிமேகலையை அவ்வாழ்விலிருந்து விலக்கியதற்கும் உரிய காரணத்தை விளக்க இயலாதவராகிறார்.

சுங்கை சிப்புட், தாப்பா முதலிய ஊர்களில் தோட்டங்களைவிட்டுப் பெயர்ந்த குடும்பங்களின் பெண்மக்களுக்கும் பரதநாட்டியம் இன்று மதிப்புக்குரிய கலை. அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த தேவரடியார் மரபின் பெயரோ வசைச்சொல்லாய் இழிந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்தது. சொல்லில் ஏறிய இழிவை எச்சட்டமும் நீக்கவில்லை. ஆதலின் கெய்ஷாவைத் ‘தாசி’ என மொழிபெயர்க்குமுன் ஆசிரியர் சற்றே தயங்குதல் நன்று. அச்சொல்லால் பிறநாட்டுக் கலைஞரோடு நம் கலைஞரும் இழிவுறுகின்றனர்.