‘சமம்’ என்ற சொல்லும் தமிழாசிரியரும்

சிங்கப்பூரின் கல்வி வரலாற்றைச் சொல்ல வருவோர் 1956-ஆம் ஆண்டை ஒரு திருப்பமாகக் காட்டுவது வழக்கம். அவ்வாண்டிலேதான் சட்டமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழு, ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டுமென்று பரிந்துரை செய்தது. அரசாங்கமும் அதனை ஏற்றுக்கொண்டது. தமிழர் மேடைகளில் இச்செய்தி இன்றளவும் பெருமையோடு எடுத்துரைக்கப்படுகிறது. பெருமைக்குரியதே, ஐயமில்லை. ஆயினும் ‘சமம்’ என்ற அந்தச் சொல் எந்தச் சூழ்நிலையில் பிறந்தது, தமிழ்ப் பள்ளிக்கு அது எதைக் கொடுத்தது, எதைக் கொடாமல் விட்டது என்று துருவிப் பார்த்தவர் சிலரே.

முதலில் குழுவின் பெயரை நோக்குவோம். அது சீனக் கல்வியை ஆராய்வதற்கென அமைந்த குழு. 1955-ஆம் ஆண்டில் சீனப் பள்ளி மாணவர்களிடையே எழுந்த கொந்தளிப்பும், ஹாக் லீ பேருந்துத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒட்டி நிகழ்ந்த கலவரமும் ஆட்சியாளரைத் திகைக்க வைத்தன. அந்நெருப்பைத் தணிக்க வழி தேடியபோதுதான் மொழிகளின் சமத்துவம் என்னும் கொள்கை முன்னுக்கு வந்தது. ஒரு மொழிக்கு மட்டும் வழங்கினால் சலுகை எனப்படும். நான்குக்கும் வழங்கினால் நீதி எனப்படும். ஆகவே தமிழ் அந்தப் பந்தியில் உடன் அமர்த்தப்பட்ட விருந்தாளி ஆயிற்று. இலை போட்டார்கள், என்ன பசி என்று கேட்கவில்லை.

பசி பெரிதாகத்தான் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் மலாய்த் தொடக்கக் கல்வியை அரசாங்கமே இலவசமாக நடத்தியது. சீனப் பள்ளிகளுக்குப் பின்னால் செல்வம் மிக்க வணிகர்கள் நின்றனர். தமிழ்ப் பள்ளிகளோ சமய அமைப்புக்களின் கருணையையும் ஊர்ச் சங்கங்களின் உழைப்பையும் நம்பியே உயிர் வாழ்ந்தன. நாரிஸ் சாலையில் இராமகிருஷ்ண மடத்தார் விவேகானந்தர் பெயரிலும் சாரதாமணி அம்மையார் பெயரிலும் பள்ளிகள் நடத்தினர். தென்காசிப் பக்கத்துக் கடையநல்லூரிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் பெருமக்கள், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரில் 1946-ஆம் ஆண்டில் ஒரு பள்ளியைத் தொடங்கினர். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்கே படித்தனர். இத்தகைய பள்ளிகளையும் வலிமை வாய்ந்த ஆங்கிலப் பள்ளிகளையும் ஒரே கோட்டில் நிறுத்தி, ‘இனி ஓடுங்கள், விதி எல்லார்க்கும் ஒன்று’ என்று சொன்னதே 1956-ஆம் ஆண்டின் சமத்துவம்.

இங்கே ஆசிரியரைப் பற்றி எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளி என்பது கட்டடமன்று, போதனா மொழியுமன்று. வகுப்பில் நிற்கும் ஆசிரியரே பள்ளி. அந்த ஆசிரியர் எங்கிருந்து வருவார்? தொடக்கப் பள்ளியில் தமிழில் படித்தவர் உயர்நிலைப் பள்ளியிலும் தமிழில் படித்து, பல்கலைக் கழகத்தில் தமிழைக் கற்று, பயிற்சிக் கல்லூரியில் பயின்று, மீண்டும் தமிழ்ப் பள்ளிக்கே திரும்பி வரவேண்டும். இந்த ஏணி முழுமையாக நின்றால்தான் அடுத்த தலைமுறை ஆசிரியர் உருவாவார்.

ஏணி எவ்வாறு இருந்தது? சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்திய இயல் துறை 1956-ஆம் ஆண்டில் அமைந்தது. அத்துறையில் இடம்பெற வேண்டியது தமிழா வடமொழியா என்ற வழக்கு மூண்டபோது, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணியார் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் முழக்கத்தோடு நிதி திரட்டினார். கூலி வேலை செய்தோரும் காசு கொடுத்தனர். தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால் 1959-ஆம் ஆண்டில் அத்துறை கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டில், அதாவது 1960-ல்தான், உமறுப் புலவர் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, சிங்கப்பூரின் முதலும் முடிவுமான தமிழ் உயர்நிலைப் பள்ளி ஆயிற்று. நடுப்படி வந்து சேர்ந்த நேரத்தில் மேற்படியைக் கழற்றிக் கொண்டு போய்விட்டார்கள்! சூழ்ச்சி என்று இதைச் சொல்வதற்கில்லை. பல்கலைக் கழகத்துக்கு அதன் காரணங்கள் இருந்தன. எனினும் தமிழாசிரியர் எவ்வாறு உருவாகிறார் என்ற கவலை யாருக்கேனும் இருந்திருந்தால் இப்படி நேர்ந்திராது. சீனரைப் பாருங்கள்: 1956-ஆம் ஆண்டிலேயே தங்கள் நன்கொடையால் நன்யாங் பல்கலைக் கழகத்தில் வகுப்புத் தொடங்கிவிட்டனர். அவர்களுடைய ஏணிக்கு அன்று எல்லாப் படியும் இருந்தது.

தமிழ்ப் பள்ளிகள் மறைந்ததற்குப் பெற்றோரைக் குறை கூறுவது தமிழரிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. ‘ஆங்கில மோகம்’ என்று இரண்டு சொல்லில் வழக்கை முடித்துவிடுகிறார்கள். தமிழ்ப் பள்ளியில் பயின்ற மகன் பதினாறு வயதில் எங்கே போவான் என்ற கேள்விக்கு விடையில்லாதபோது, மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய தந்தை மோகத்தால் அனுப்பினார் என்பது அவருக்குச் செய்யும் அநீதி. கடைசித் தமிழ்ப் பள்ளியான உமறுப் புலவர் பள்ளி 1982-ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

அதற்கு மூன்றே ஆண்டு முன்னர், 1979-ல், சேர்க்கை குறைந்து வந்த சீனப் பள்ளிகளில் சிறந்தவை ஒன்பதைத் தேர்ந்து, ‘சிறப்பு உதவித் திட்டம்’ ஒன்றின்கீழ் ஆசிரியரும் வசதியும் தந்து அரசாங்கம் காத்தது. ஆங்கிலமும் சீனமும் முதல் மொழிகளாகப் போதிக்கப்பட்ட அப்பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைக்கும் மலாய்ப் பிள்ளைக்கும் நடைமுறையில் இடமில்லாமற் போயிற்று. சீனரின் தொகை பெரிது. ஒன்பது பள்ளிகளைக் காப்பது அறிவுடைமையே என்று வாதிடலாம். வாதத்தில் வலுவும் உண்டு. ஆனால் அது தொகையின் வாதம். 1956-ல் சொன்னது மொழிகளின் சமத்துவம். இரண்டும் ஒன்றல்ல என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வது நல்லது.

பள்ளி மூடப்படும்போது பிள்ளைகளுக்கு வேறு பள்ளி கிடைக்கும்; ஆசிரியருக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பிற நாட்டு அனுபவமும் காட்டுகிறது. அமெரிக்காவில் 1954-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், வெள்ளையர்க்கு வேறு பள்ளி, கறுப்பர்க்கு வேறு பள்ளி என்னும் முறை சட்டவிரோதமென்று தீர்ப்பளித்தது. மகத்தான தீர்ப்பு. ஆனால் தென் மாநிலங்களில் அத்தீர்ப்பை நிறைவேற்றிய விதம், கறுப்பர் பள்ளிகளை மூடிப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிக்கு மாற்றுவதாகவே பெரும்பாலும் அமைந்தது. பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தனர். அங்கே பிரிவினை மேலிருந்து திணிக்கப்பட்டது. இங்கே தமிழ்ப் பள்ளி தமிழர் விரும்பிக் கட்டியது. இவ்வேற்றுமை பெரிது. ஆயினும் தமிழில் கணக்கும் பூகோளமும் விஞ்ஞானமும் போதித்த ஆசிரியர் என்ற ஓர் இனமே சிங்கப்பூரில் இல்லாதொழிந்தது. ‘தமிழாசிரியர்’ என்றால் ஒரு பாடம் நடத்துபவர் என்று பொருள் சுருங்கியது.

அரசாங்கம் செய்தவற்றை மறைப்பது நேர்மையாகாது. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இந்தியரிலும் ஒரு பகுதியினர் பேசும் மொழியை ஆட்சிமொழியாக வைத்திருக்கும் நாடுகள் உலகில் மிகக் குறைவு. தமிழ் பயிலும் பிள்ளைகள் குறைவாயுள்ள பள்ளிகளின் மாணவர்க்காக, தேக்காவை அடுத்த பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் இயங்குகிறது. எல்லா மொழி ஆசிரியரும் இன்று தேசியக் கல்விக் கழகம் என்ற ஒரே கூரையின்கீழ்ப் பயிற்சி பெறுகிறார்கள். 2006-ஆம் ஆண்டில் சிம் பல்கலைக் கழகத்தில் தமிழ்ப் பட்டப் படிப்பும் தொடங்கியது. 1959-லிருந்து எண்ணினால் நாற்பத்தேழு ஆண்டு.

இடைப்பட்ட காலத்தின் விளைவை வீடுகளில் காணலாம். வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் இந்தியர் 2010-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் நூற்றுக்கு 36.7, 2020-ல் 27.9. அமெரிக்க மொழியியலறிஞர் ஹெரால்ட் ஷிஃப்மன் இதற்கு ஒரு காரணம் கூறினார்: பள்ளி எழுத்துத் தமிழையே போற்றிப் பேச்சுத் தமிழைப் புறக்கணிக்கிறது, அதனால் பிள்ளைக்கு வீட்டில் பேசத் தமிழ் இல்லாமற் போகிறது. 2005-ஆம் ஆண்டில் பாடத்திட்டத்தைச் சீராய்ந்த குழுவும் பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடம் தரச் சொன்னது. நோயை இவர்கள் சரியாகவே கண்டனர். ஆனால் ஷிஃப்மன் ஆசிரியரின் தூய்மைப் பற்றைக் குறை கூறும் அளவுக்கு, அந்தப் பற்று எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. பள்ளியில் ஆங்கில ஆசிரியருக்கும் கணக்கு ஆசிரியருக்கும் பின்னே நிற்க நேர்ந்த ஒருவர்க்கு மிஞ்சிய மேன்மை செந்தமிழ் ஒன்றே. அதை அவர் இறுகப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. அதன் விலையைக் கொடுப்பது, ‘அம்மா வந்துச்சு’ என்று சொன்னதற்காக வகுப்பில் திருத்தப்பட்டு, மறுநாள் முதல் ஆங்கிலத்தில் விடை சொல்லத் தொடங்கும் குழந்தை. கூலிக்காரர் வீட்டுப் பேச்சோடு வரும் அக்குழந்தையை எப்படி வரவேற்பது என்பதற்குப் பயிற்சிக் கழகத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்கள்?